முனிக்கு ஆகாதது

நகராண்மைக் கழகத்துக் கடிதம் மலாயில் வந்தது.
பக்கத்து வீட்டு லிம் மகள் வாசித்துச் சொன்னாள்:
உங்கள் ஆட்டு நாற்றம்
மூன்று வரிசை வீடுகளுக்கு அடிக்கிறது.
பதினாலு நாள் தவணை.

ஆட்டு நாற்றம் இல்லை அது.
கிடா நாற்றம்.
தன் மூத்திரத்தைத் தன் தாடியில் தானே பீய்ச்சிக்கொண்டு
பெட்டைகளுக்குச் சேதி அனுப்புகிறவன் நாற்றம்.
காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும்
பாடாங் செராய் முழுக்க அவன் விலாசம்.

கொழுந்தன் வீரபுத்திரன் நேர்ந்துவிட்ட உருப்படி.
குடித்து ஓட்டிப் பறிகொடுத்த லாரி லைசென்ஸ்
திரும்பக் கிடைத்தால் முனிக்கு ஒரு கிடா.
கழுத்தில் மஞ்சள் துணி கட்டி
குட்டியாக என்னிடம் விட்டுப் போனான்.
வேண்டுதல் அவனுடையது,
தீனி என் செலவு,
கடிதம் என் பேருக்கு.

பதின்மூன்றாம் நாள் ரொபியுலைக் கூப்பிட்டேன்.
செம்பனை ஆலையில் குலை தள்ளுகிறவன்.
அவன் அப்பா ஊரில் எருதுக்குக் காயடிப்பாராம்.
வந்தவன் முதலில் குந்தி உட்கார்ந்து
கைபேசியில் படம் காட்டினான்.

பனி.
பட்ட மரங்களைத் தலையில் சுமந்த மாதிரி மான்கள்.
ஒருத்தன் மானைக் கவிழ்த்துப் போட்டு
அந்த இடத்தில் துணியைச் சுற்றி
வாயை வைத்து
பல்லால் நசுக்குகிறான்.
தோல் கிழியவில்லை, சொட்டு ரத்தம் இல்லை.
மான் எழுந்து உதறிக்கொண்டு நடக்கிறது,
இனி வண்டி இழுக்கும்.

“அக்கா, பல் இருக்கா?”
எனக்கு மேல்வரிசை கட்டுப்பல்,
கூலிம் கிளினிக்கில் முன்னூறு வெள்ளி.
வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.
கிடா எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது.

இரண்டு மரச்சட்டம், கிழிந்த சைக்கிள் டியூப்.
அவன் கொம்பைப் பிடித்தான்.
விரலால் நரம்பைத் தேடினேன்,
தோலுக்குள் நனைந்த நூலாய் வழுக்கி வழுக்கிப் போனது.
கிடைத்தது. இறுக்கினேன்.
முற்றின வெண்டைக்காய் ஒடியும் சத்தம்.
முதல் பக்கத்துக்குக் கத்தியது.
இரண்டாம் பக்கத்துக்குக் கத்தவில்லை.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தவணை கேட்டு ஒரு மாதம் வாங்கினேன்.
நகராண்மைக்காரர் வந்தார்,
மூக்கைத் தூக்கினார்,
கையெழுத்துப் போட்டார்.
முதுகில் சதை வைத்தது. வேலி முட்டுவது நின்றது.
பெட்டைகள் அதன்மேல் சாய்ந்து அசைபோட்டன,
சுவரில் சாய்வது போல.

தைப்பூசம் கழிந்து லைசென்ஸ் வந்தது.
வீரபுத்திரன் மாலையோடு வந்தான்.
அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு
மாலையைக் கீழே வைத்தான்.
“அண்ணி, இது முனிக்கு ஆகாது. முழுசா இருக்கணும்.”
“உன் லைசென்ஸ் முழுசா வந்துச்சா?”
ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள்.
முனி என் குரல்வளையைப் பிடிப்பார் என்று சொல்லிவிட்டு
தைப்பிங்கில் வேறு கிடா வாங்கினான்,
எண்ணூற்று ஐம்பது.
முனி இதுவரை வரவில்லை.
ராத்திரி நாய் குரைத்தால் மட்டும்
விளக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருக்க
ஹாஜி சம்சுடின் வந்தார்.
பல் எண்ணினார். கண்ணை இறக்கிப் பார்த்தார்.
காதைத் தடவினார், நடக்கவிட்டார்.
எனக்குப் பொய் வரவில்லை.
“கெம்பிரி, ஹாஜி,” என்றேன்.
“தெரிகிறது. எங்களுக்கு அது குறையில்லை.
கறியும் நாறாது.”
ஆயிரத்து நூறு வெள்ளி,
எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார்.

பெட்டைக் கொட்டகையைத் தாண்டும்போது
அது நின்றது.
மேலுதட்டைச் சுருட்டி, தலையைத் தூக்கி,
காற்றை மோந்தது,
தெருப்பேர் மறந்துபோனவன் மாதிரி.
ஹாஜி அவசரப்படவில்லை.
கொஞ்சம் பொறுத்துத்தான் கயிற்றை இழுத்தார்.

மஞ்சள் துணியை முன்னமே அவிழ்த்துவிட்டேன்.
மூன்று தரம் சோப்புப் போட்டாயிற்று.
கொடியில் கிடக்கிறது.
இன்னும் நாறுகிறது.